அரை இடம் தள்ளி

மோட்டாரைப் போட்டுவிட்டு மூன்று மாடி ஏறி வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும், இனிமேல் கொஞ்ச நேரத்துக்குத் தன்னை யாரும் எதுவும் கேட்க முடியாது என்று அபயாம்பாளுக்கு நிம்மதியாக இருந்தது. இந்த வாரம் மோட்டார் முறை அவளுடையது. ஆறு வீட்டுக்கும் ஒரே தொட்டி, அது அவளுடைய சமையலறைக்கு நேர்மேலே மொட்டைமாடியில் இருக்கிறது, கீழே சுவிட்சைத் தட்டிவிட்டு வந்தால் நிரம்புகிற வரைக்கும் ஒரு காதை அந்தப் பக்கம் வைத்திருக்க வேண்டும், வழிந்துவிட்டால் கீழ்வீட்டு ஹேமா குடியிருப்போர் வாட்ஸப்பில் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டே மானத்தை வாங்கிவிடுவாள். அபயாம்பாள் முறையில் இதுவரை வழிந்ததில்லை. காலித் தொட்டியில் தண்ணீர் விழும்போது அடித்தொண்டையில் பேசும், நிறைய நிறையக் குரல் மெலிந்து ஏறிக்கொண்டே போகும், குழாயடியில் குடம் பிடித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், மிருதங்கக்காரர் பெண்ணுக்குக் கேட்கவே வேண்டாம். இப்போது அடித்தொண்டை. நேரம் நிறைய இருக்கிறது. மந்தைவெளி முழுக்க ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்துவிட்டது, ஜூன் மாத வெயில் பால்கனிக் கம்பிகளை அப்படியே தரையில் வரைந்து வைத்திருந்தது, மின்விசிறி கடனே என்று சுற்றிக்கொண்டிருந்தது. அவள் முக்காலியின் மேல் நேற்றைய பேப்பரை விரித்து, துணிப்பையிலிருந்து டிரம் வாசிக்கிற கம்பிப் பிரஷ் இரண்டையும் எடுத்துப் பிடியைத் தள்ளினாள், உள்ளே ஒடுங்கியிருந்த மெல்லிய கம்பிகள் விசிறிபோல் விரிந்துகொண்டன. சாயங்காலம் கண்ணாடிக்கடை சற்குணம் வருவார். காபி குடிப்பார். பதில் எங்கே என்று கேட்க மாட்டார், கேட்காமல் உட்கார்ந்திருப்பார், அதுதான் கஷ்டம். போன ஞாயிற்றுக்கிழமையே கேட்டாகிவிட்டது, நாம கல்யாணம் பண்ணிக்கலாமா டீச்சர் என்று, நாற்பத்தெட்டு வயதுக் கணக்கு டீச்சரிடம் ஒரு மனுஷன் கேட்கிற கேள்வியா அது, அவள் ஒரு வாரம் டைம் கேட்டாள், அந்த வாரம் இன்றோடு சரி, மனம் என்னவோ கேட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருக்கிறது.

இடது கை தானாகப் பேப்பரின் மேல் வட்டம் போட ஆரம்பித்தது, வலது கை குறுக்கே போய் லேசாகத் தட்டிவிட்டு வந்தது, குதிகால் தரையில் இரண்டாம் தட்டிலும் நாலாம் தட்டிலும் விழுந்தது. வெளியே கேட்டால் யாரோ ரவை சலிப்பது மாதிரித்தான் இருக்கும். ஹேமா ஒருநாள் படிக்கட்டில் நிறுத்திக் கேட்டேவிட்டாள், "டெய்லி மத்தியானம் என்னக்கா சலிக்கிறீங்க, மாவு கீவு போட்டு விக்கிறீங்களா, சொன்னா நானும் வாங்கிப்பேன்ல." ஜாஸ் என்று சொன்னால் ஜாஸ் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும், அது அவளுக்கே சரியாகத் தெரியாது, அதனால் ரவைதான்மா என்று சொல்லிவிட்டாள். யோசித்துப் பார்த்தால் அது பொய்யும் இல்லை. சலிக்கச் சலிக்க நாள் முழுக்க மனசில் விழுந்த கப்பியெல்லாம் மேலே நின்றுவிடும், எட்டாம் வகுப்பு ஆ பிரிவின் இரைச்சல், தலைமையாசிரியையின் சர்க்குலர், முழங்கால் வலி, எல்லாம் நின்றுவிடும், கீழே மெத்தென்று ஒன்று இறங்கும், அதற்குப் பெயர் கிடையாது. இதை அவள் கையில் கொடுத்தவள் லொரெய்ன். பள்ளிக்கூடத்து மியூசிக் டீச்சர், பெரம்பூர் ஆங்கிலோ இந்தியப் பெண், ஆண்டு விழாவுக்கு டிரம்ஸ்காரர் வராமல் போனபோது ஸ்டாஃப் ரூமுக்குள் வந்து, "என்ன மேன், உங்கப்பா மிருதங்கம்னு சொன்னல்ல, எந்திரி, இது அதோட தங்கச்சிதான்" என்று பிரஷ்களைத் திணித்துவிட்டுப் போய்விட்டாள். தங்கச்சியாவது. மிருதங்கம் அடி, இது தடவல். இருபது வருஷமாக எதையும் தொடாத கை, எங்கே அடிப்பது என்று தெரியாமல் முதலில் தடுமாறி, பிறகு அடிக்கவே வேண்டாம் என்று புரிந்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மேடை வெளிச்சத்தில் யாரும் பார்க்கவில்லை. அப்புறம் பெசன்ட் நகரில் அந்த ரெஸ்டாரன்ட், சனிக்கிழமை சாயங்காலங்கள், லொரெய்ன் பியானோ, வாயே திறக்காத ஒரு பேஸ் கிட்டார்காரர், மூலையில் இவள். ஒரு பாட்டு முடிந்தால் அடுத்த பாட்டுக்குள் எப்படிப் போனோம் என்று நினைவிருக்காது. வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் இல்லாவிட்டாலும் கோபம் வராது. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் லொரெய்னுக்கு அவளோடு தீராத சண்டை. "ஏன் மேன் ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு ஓடுற? கொஞ்ச நேரம் வெளிய சுத்தேன். அங்க யாரும் உனக்கு சாம்பார் வச்சுக்கிட்டு உக்காந்திருக்கல."

வீட்டுக்கு ஓடுவது என்று லொரெய்ன் சொன்னது தீர்மானத்தை. எவ்வளவு சுற்றினாலும் கடைசியில் கை ஒரு சொற்கட்டை எடுத்து மூன்று தடவை வாசித்து, மூன்றாவது தடவையின் கடைசி அடியைக் கொண்டுபோய்ப் பாட்டு தொடங்கிய இடத்தில் வைத்தால்தான் அடங்கும், மிருதங்கத்தில் அதற்குப் பெயர் தீர்மானம். ஊரில் எல்லோரும் தீர்மானம் என்றால் முடிவு என்கிறார்கள். அது வேறு, இது வேறு, அல்லது இரண்டும் ஒன்றுதானோ என்னவோ, ஒரு வாரமாக அவளும் ஒன்றையே மூன்று மூன்று தடவை நினைத்துக்கொண்டுதான் இருக்கிறாள், கடைசி அடி எங்கே விழ வேண்டும் என்றுதான் தெரியவில்லை. சரி என்று சொன்னால் இங்கே. மாட்டேன் என்று சொன்னால் அங்கே. மாயவரத்து வீட்டில் அப்பா அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் கஷ்டமான பாடம் இதுதான், சில பாட்டுகளில் தாளத்தின் முதல் தட்டு விழுந்த இடத்தில் பாட்டு தொடங்காது, கை விழும், பிறகு ஒரு வெற்றிடம், அரை இடம் தள்ளித்தான் பாட்டு உள்ளே வரும், தீர்மானமும் அந்த அரை இடம் தள்ளியே போய்ச் சேர வேண்டும். அரைத் தட்டுதான், ஒரு இமைப்பு. அதற்குள் ஒன்றும் இருக்காது. அதில் எதையாவது போட்டு ரொப்பிவிட வேண்டும் என்று அவளுக்கு அப்போதெல்லாம் பரபரக்கும், அப்பா புறங்கையில் லேசாகத் தட்டுவார், அது காலியா இருக்கட்டும், அவ்வளவுதான், அதற்கு மேல் விளக்கமெல்லாம் கிடையாது. அவருக்கும் விளக்கத் தெரியாது. பெண் வயதுக்கு வந்ததும் கச்சேரி என்ற பேச்சை அவரே எடுக்காமல் விட்டுவிட்டார், பெண் பிள்ளை வாசித்தால் பாடுகிறவர்கள் கூப்பிட மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும், தெரிந்ததை அவளிடம் சொல்லவில்லை, அதில் அவளுக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம்தான். மேலே தண்ணீரின் குரல் கொஞ்சம் ஏறியிருந்தது. பாதிகூட ஆகியிருக்காது.

பாதி என்றதும் கிரிதரன். ஏன் என்று தெரியவில்லை, பாதி என்ற வார்த்தையில் அவர் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறார், பதினோரு வருஷக் கல்யாணம், கெட்ட மனுஷன் இல்லை, குடி கிடையாது, கை நீட்டினதில்லை, மாமியார் வீட்டிலும் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, அதனால்தான் ஏன் வந்துவிட்டாய் என்று கேட்டவர்களுக்கு அவளால் பதில் சொல்ல முடியவில்லை. தாளம் தப்பாப் போட்டார் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் அதுதான். கிரிதரனுக்குக் கச்சேரி என்றால் உயிர், சபாவில் முதல் வரிசை, வெள்ளை வேட்டி, தொடையில் தாளம். பாட்டு எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கேதான் முதல் தட்டு என்று அவருக்கு எண்ணம், அரை இடம் தள்ளி எடுக்கிற பாட்டிலும் அப்படியே பாட்டு வந்த இடத்தில் ஓங்கி ஒரு தட்டு, பிறகு பாட்டு முடிகிற வரைக்கும் அதே தப்பில் அசையாமல், தலையை வேறு ஆட்டிக்கொண்டு, மேடையில் மிருதங்கக்காரர் இவர் பக்கம் திரும்பாமல் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பார். புதிதாகக் கல்யாணமான நாளில் அவள் சிரித்துக்கொண்டே அவர் கையைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்துப் பார்த்தாள். அவர் கையை உருவிக்கொண்டார். எனக்குத் தெரியாதா. அவ்வளவுதான் சொன்னார், கோபம்கூட இல்லை. அப்புறம் வீட்டில் ரேடியோ போட்டாலும் அவர் தாளம், சாப்பிடும்போது மேஜையில் அவர் தாளம், சமையலறையில் நின்றுகொண்டு அவள் சரியாகப் போடுவாள், அவர் தப்பாகப் போடுவார், இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு பல் கூசும். எதற்கு வம்பு என்று ஒருநாள் அவளும் அவர் போடுகிற இடத்திலேயே போட ஆரம்பித்தாள். முட்டல் நின்றது, வீடு அமைதியாகிவிட்டது, எல்லோரும் நல்ல ஜோடி என்றார்கள். வருஷங்கள் கழித்து ஒரு டிசம்பரில் அதே மாதிரி ஒரு பாட்டு, அவர் பக்கத்தில் இல்லை, ஊருக்குப் போயிருந்தார், அவள் தனியாக உட்கார்ந்து தாளம் போட்டாள், கை அவருடைய இடத்தில் விழுந்தது. திருத்திப் பார்த்தாள். சரியான இடம் எது என்று அவளுக்குத் தெரியவில்லை. மிருதங்கக்காரர் பெண்ணுக்குத் தெரியவில்லை. சுற்றிலும் அவ்வளவு பேர் உட்கார்ந்திருக்கிற சபாவில் அவளுக்கு வியர்த்து ஊற்றியது, கூட்டத்தில் குழந்தையின் கையை விட்டுவிட்டவள் மாதிரி மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பயம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது, கொஞ்சமும் பழசாகவில்லை.

அப்புறம் விவாகரத்து, இந்த மூன்றாம் மாடி, இந்த நாற்காலி, இந்த மத்தியானம். தனியாக இருக்கிறாயே பயமாக இல்லையா என்று கேட்கிறார்கள், பேரே அபயாம்பாள், பயப்படலாமா என்று சிரித்துச் சமாளிப்பாள், நிஜத்தில் முதல் இரண்டு வருஷம் அவளுக்குப் பயத்தைவிட ஆச்சரியமே அதிகமாக இருந்தது. அந்தப் பதினோரு வருஷமும் காது வாசலிலேயே கிடந்திருக்கிறது என்பது இங்கே வந்தபிறகுதான் தெரிந்தது. ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் கேட்டால் கையிலிருக்கிற வேலை நின்றுவிடும், முணுமுணுத்துக்கொண்டிருந்த சொற்கட்டு நின்றுவிடும், பிறகு ஸ்கூட்டர்கூட வேண்டியதில்லை, அவர் ஞாபகம் வந்தாலே போதும், விரல்கள் அப்படியே உறைந்து போகும். அதிலிருந்து அவள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள், கணக்கு டீச்சர் அல்லவா, மனசில் ஒரு ஆள் இருந்தால் கையில் தாளம் இருக்காது, கையில் தாளம் இருக்க வேண்டுமானால் மனசில் ஆள் கூடாது, இரண்டில் ஒன்று. இங்கே அவள் காது வைத்துக் கேட்க வேண்டியது இந்தத் தொட்டி ஒன்றைத்தான். அது ஒன்றும் கேட்பதில்லை, ஏன் லேட் என்பதில்லை, நிரம்பினால் நிறுத்து என்கிறது, நியாயம்தானே. இப்படியே இருந்துவிடலாம் என்றுதான் இருந்தாள். தூக்கம் கண் ஓரத்தில் வந்து நின்றது, கை வட்டம் போட்டுக்கொண்டே இருந்தது, வெயில் போட்ட கம்பி நிழல் முக்காலியின் காலைத் தொட்டது, பேப்பரில் ஏதோ ஒரு அமைச்சரின் முகம் பிரஷ் பட்டுப் பட்டுத் தேய்ந்து வெளுத்துக்கொண்டிருந்தது.

பேப்பர் எழுத்து மங்கலாகத் தெரிந்த நாளில்தான் சற்குணத்தின் கண்ணாடிக்கடைக்குப் போனாள். மார்க்கெட் பக்கத்தில் சின்னக் கடை, உள்ளே ஒரு இருட்டு அறை, கனமான ஃபிரேமை மூக்கில் மாட்டிவிட்டு ஒவ்வொரு வில்லையாகப் போட்டுப் போட்டு எடுத்தார். "முதல்ல போட்டதா டீச்சர், இப்ப போட்டதா, எது தெளிவு?" ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு என்றாள். மறுபடி போட்டார். முதல்ல போட்டதா, இப்ப போட்டதா? ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. வேறு யாராக இருந்தாலும் ஏதாவது ஒன்றை எழுதிக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள், அவர் அவசரமில்ல டீச்சர், கண்ணு களைச்சிருக்கும், நாளைக்கு வாங்க என்றார். நாளைக்குப் போனாள். பிறகு ஒருநாள் ஃபிரேம் லூசாகிவிட்டது என்று போனாள், பிறகு லூசாகாமலே போனாள். மனைவி இறந்து ஆறு வருஷம், பெண் பெங்களூரில், சாப்பாடு மெஸ்ஸில், இதெல்லாம் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பெசன்ட் நகர் ரெஸ்டாரன்டுக்கு ஒரு சனிக்கிழமை வந்தார், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, பாசுரம் கேட்க வந்தவர் மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். லொரெய்ன் தொடங்கினாள், இவள் வட்டம் போட்டாள், சற்குணத்தின் கை தாளம் போடுவதற்கு மேஜையிலிருந்து எழும்பியதை மூலையிலிருந்து பார்த்தாள், இதோ விழப்போகிறது, தப்பான இடத்தில் விழப்போகிறது, விழுந்தால் இந்த ஆளும் முடிந்தார். கை விழவில்லை. எங்கே வைப்பது என்று அதற்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்பது அதற்குத் தெரிந்திருந்தது, அந்தரத்தில் அப்படியே நின்றது, ஒரு சுற்று, இரண்டு சுற்று, பிறகு அதற்காகத்தான் எழும்பியது போலத் தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்துவிட்டுக் கீழே இறங்கியது. அவளுக்குச் சிரிப்பு வந்து பிரஷ் வழுக்கிவிட்டது. லொரெய்ன் பியானோவுக்கு மேலாகத் தலையைத் தூக்கி முதலில் இவளையும் பிறகு அவரையும் பார்த்து, பார்த்தது போதும் என்று குனிந்துகொண்டாள்.

அந்தக் கைக்காகவே சரி என்று சொல்லிவிடலாம், ஆனால் முட்டை அட்டை. போன ஞாயிற்றுக்கிழமை கல்யாணப் பேச்சோடு சேர்த்து அவர் தன் வீட்டு மாடி அறையைக் காட்டினார். சுவர் நாலிலும் மேலே கூரையிலும் முட்டை அடுக்குகிற அட்டைகளை ஒட்டி வைத்திருந்தார், கடை கடையாகச் சொல்லிவைத்து வாங்கியது, ஒரு மாதமாகத் தானே ஏணி போட்டு ஏறி ஒட்டியது. "நீங்க எந்த நேரத்துல வேணா வாசிக்கலாம் டீச்சர், ஒரு பொட்டு சத்தம் வெளிய போவாது." முழங்கை வரை பசை காய்ந்து உரிந்துகொண்டிருந்தது. அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, பிரஷ்ஷுக்கு இதெல்லாம் தேவையே இல்லை, அது ரவை சலிக்கிற சத்தம்தான் என்று அவளால் சொல்ல முடியவில்லை. கதவைச் சாத்திக் காட்டினார். வெளியே சத்தம் போகவில்லை, அது சரி, உள்ளேயும் எதுவும் வரவில்லை, காக்காய், தெரு, தண்ணீர், எதுவும் இல்லை, சொந்த மூச்சு மட்டும் காதுக்குள் கேட்டது. அன்பாகத்தான் செய்திருக்கிறார். கிரிதரனும் ஒருவிதத்தில் அன்பாகத்தான் தட்டினார். பாட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்று இவர்களாகவே முடிவு செய்துகொண்டு அங்கே ஒரு தட்டு. அங்கே போனால் மாடி அறை அவருடையது, கொடுத்தார் என்பதால் வாங்கிக்கொள்ள வேண்டும், வாசித்தாயா என்று கேட்பார், கேட்காமல் இருந்தாலும் கேட்காமல் இருக்கிறாரே என்று இவள் வாசிப்பாள், காது மறுபடி வாசலுக்குப் போய்விடும். போகாவிட்டால்? சாயங்காலம் காபி ஒரு டம்ளர். கண்ணாடி லூசானால் வேறு கடை. அந்தரத்தில் நின்ற கையை இனி பார்க்க முடியாது. முதல்ல போட்டதா டீச்சர், இப்ப போட்டதா? இந்த வீடா, அந்த ஆளா? மறுபடி. இந்த வீடா, அந்த ஆளா? மறுபடியும் அதே கேள்வி. மூன்று தடவை ஆயிற்று, தீர்மானம் வரவில்லை, மறுபடி முதலிலிருந்து, மாடி அறை, பசை காய்ந்த கை, மெஸ் சாப்பாடு, அவர் ரசத்தைக் கையில் வாங்கிக் குடிப்பார், அதை ஏன் நினைக்கிறோம், நினைத்தால் என்ன, அவருடைய அந்த முழுக்கைச் சட்டை, அதை எந்தக் காலத்தில் வாங்கினாரோ, வெயில் நிழல் முக்காலி ஏறிவிட்டது, அமைச்சரின் மூக்கு போய்விட்டது, எங்கோ மழை பெய்கிறது, ஜூன் மாதத்தில் நல்ல மழை, மழை பெய்தால் கடை ஷட்டருக்குள் சாரல் அடிக்குமே, அவர் பலகையை எடுத்து வைத்தாரோ என்னவோ, குதிகால் இரண்டில் விழுந்தது, நாலில் விழுந்தது, மழை சன்ஷேடில் விழுந்து தெறித்தது, வெயில், வெயிலில் என்ன மழை.

"அபயாக்கா! மோட்டாரு!"

ஹேமாவின் குரல். அவள் கண்ணைத் திறந்தாள், அல்லது கண் திறந்துதான் இருந்ததோ என்னவோ, பால்கனிக்கு வெளியே தண்ணீர் ஒரு வேட்டியைத் தொங்கவிட்டது போல வெயிலில் பளபளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. மேலே தொட்டி எப்போதோ கீச்சுக்குரலைத் தாண்டி வழிய ஆரம்பித்திருக்கிறது, அது அவளுக்குக் கேட்கவே இல்லை. அவள் முறையில் முதல்தடவை. எழுந்திருக்க வேண்டும், மூன்று மாடி இறங்க வேண்டும், ஆனால் அவள் எழுந்திருக்காமல் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. ஹேமா கத்தியும் நிற்கவில்லை. இத்தனை நேரமும் சற்குணத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள், அவர் கடை, அவர் சட்டை, அவர் ரசம், அவர் அட்டை, இத்தனைக்கும் நடுவில் கை ஒரு இடத்திலும் உறையவில்லை, தயங்கவில்லை, குதிகால் தப்பவில்லை. மனசில் ஆள் இருந்தார். கையில் தாளம் இருந்தது. இரண்டில் ஒன்று என்று இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்த கணக்கு தப்பு. ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு என்று அந்த இருட்டு அறையில் மூக்கில் ஃபிரேமோடு சொன்னாளே, அப்போது கண் களைத்திருந்தது என்று அவர் நினைத்தார், அவளும் நினைத்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். தண்ணீர் இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில் எங்கெங்கோ சொட்டிக்கொண்டு அவளோடு வாசித்துக்கொண்டிருந்தது. பிறகு அது தானாகவே மெலிந்து நின்றது, யாரோ கீழே போய் அணைத்திருக்க வேண்டும், படிக்கட்டில் செருப்புச் சத்தம் சளக் சளக்கென்று ஏறி வந்தது.

வாசலில் சற்குணம் நின்றார். தலையிலிருந்து கால் வரை நனைந்திருந்தார், கண்ணாடியைக் கழற்றி ஈரச் சட்டையிலேயே துடைத்து இன்னும் மங்கலாக்கிக்கொண்டிருந்தார்.

"சாயங்காலம் வரைக்கும் இருப்புக் கொள்ளல டீச்சர், இப்பவே வந்துட்டேன். கேட்ல கால வச்சேன், தலையில கொட்டிருச்சு. நான்தான் ஆஃப் பண்ணேன். கீழ்வீட்டம்மா என்னையத் திட்றாங்க டீச்சர், மோட்டாரைப் போட்டுட்டு எங்க போனீங்கன்னு."

"சரியாத்தான் திட்டியிருக்கா. உங்களாலதான் வழிஞ்சுது."

அவருக்கு விளங்கவில்லை. அவள் துண்டை எடுத்துக் கொடுத்தாள். சமையலறைப் பக்கம் திரும்பியவள், வேண்டாம் என்று நின்று, முக்காலிக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். இதைச் சொல்லாமல் காபி போட்டால் சர்க்கரைக்குப் பதில் உப்பைத்தான் போடுவாள்.

"கல்யாணம் பண்ணிக்கலாம்" என்றாள். "ஆனா நான் உங்க வீட்டுக்கு வர மாட்டேன். நீங்களும் இங்க குடிவர வேண்டாம்."

துண்டு அவர் தலையிலேயே நின்றது. "அப்போ?"

"நீங்க அங்க, நான் இங்க. ராச்சாப்பாடு சேர்ந்து சாப்பிடலாம், ஒருநாள் உங்க வீடு, ஒருநாள் என் வீடு. உடம்பு சரியில்லேன்னா ஓடி வந்துடலாம், ரெண்டு பஸ் ஸ்டாப்தானே. மத்தியானம் மட்டும் என்னோடது."

"புருஷன் பொஞ்சாதி ஒரே ஊர்ல ரெண்டு வீட்லயா? பொண்ணுக்கு நான் என்னன்னு சொல்ல?"

"அரை இடம் தள்ளின்னு சொல்லுங்க."

அவருக்கு அதுவும் விளங்கவில்லை, விளங்க நியாயமில்லை. அவள் தேய்ந்த பேப்பரின் ஓரத்தில் இடது கையால் தட்டினாள், பிறகு ஒன்றுமில்லை, பிறகு வலது கைப் பிரஷ் உள்ளே வந்தது. மறுபடி தட்டு, ஒன்றுமில்லை, பிரஷ். அவர் எதிர்நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கடையில் ஃபிரேமின் திருகைப் பார்ப்பதுபோல் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை முழங்காலிலிருந்து எழும்பியது. எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது. அவள் அதைப் பிடித்து வைக்கவில்லை.

"அப்ப அந்த முட்டை அட்டை?" என்று கேட்டார்.

"இருக்கட்டும். சண்டை போடணும்னா அங்க போய்ப் போட்டுக்கலாம், ஒரு பொட்டு சத்தம் வெளிய போவாது."

அவர் சிரித்தார், ஆனால் பாதிச் சிரிப்புத்தான், மீதிப் பாதியில் ஏணியும் பசையும் ஒரு மாதமும் இருந்தது அவளுக்குத் தெரிந்தது, அவளுக்கும் வலித்தது. கண்ணாடியைத் துண்டில் நன்றாகத் துடைத்து மாட்டிக்கொண்டு அவளை நேராகப் பார்த்தார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க டீச்சர். முதல்ல நான் சொன்னதா, இப்ப நீங்க சொன்னதா? எது தெளிவு?"

"இப்ப சொன்னது."

அவர் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். சன்ஷேடிலிருந்து கடைசித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது அவளுக்கு, வேண்டுமானால் வாரத்தில் நாலு நாள் வருகிறேன் என்றோ, நான் சொன்னதை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றோ, காபி போடட்டுமா என்றோ, வார்த்தையெல்லாம் வாய் வரைக்கும் வந்து நின்றது. அவள் ஒன்றையும் எடுத்துப் போடவில்லை. வட்டத்தை மட்டும் விடாமல் போட்டுக்கொண்டு, அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருந்தாள்.

"சரி டீச்சர்" என்றார் சற்குணம்.